கெட் போட்டா கெட்டுப்போவாது

வா தம்பி, வா. செருப்ப அங்கயே விட்டுட்டு உள்ள வா. இன்னா மூஞ்சி இப்படிக் கெடக்குது, ஒரகடம் கூட்ரோட்டுல கம்பெனி பஸ்ஸ விட்டவன் மாதிரி? கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கெடைக்கலயா? அஞ்சாம் தேதி பொறந்தா உன் ரூம்புல எதாவது ஒண்ணு மக்கர் பண்ணுது. போன மாசம் செல்போன் டிஸ்ப்ளே, அதுக்கு முந்தின மாசம் உங்க அக்கா புள்ளைக்குக் காதுகுத்து. சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. மொதல்ல வூட்டுக்கு வந்த ஆபத்தப் பாப்போம். நட.

ஏண்டாப்பா, இதுவா ரூம்பு? இத நான் கட்டறப்ப பத்துக்குப் பத்து. இப்ப கால் வைக்க நாலு செங்கல் எடந்தான் மிச்சம். போவட்டும். பொட்டியப் போடு. ஆப்பெல்லாம் காட்டற அந்த ஒன்பது புள்ளிய அமுக்கு.

அடேயப்பா.

ஆறு பக்கமா? பக்கத்துக்கு எட்டு பத்தி, மூணு வரிசை, 24 ஐகானு வைக்கிற எடம். நீ மொதப் பக்கத்துல அஞ்சு வச்சிருக்க, ரெண்டாவதுல ஒண்ணே ஒண்ணு, அதுவும் கால்குலேட்டர். எட்டுக் குடும்பம் இருக்க வேண்டிய லைன் வூட்டுல ஒத்த ஆளா ஒருத்தன் பாய் விரிச்சுக்கினு படுத்திருக்கான். இழுத்துக்கினு ஓரம் வரைக்கும் போயிருப்ப, அது புதுப் பக்கம் தொறந்திருக்கும், நீ பயந்து அங்கயே போட்டுட்டு வந்திருப்ப. இது இன்னா, கறுப்பா ஒரு டப்பா? "அன்நேம்ட் ஃபோல்டர்". இங்க இன்னொண்ணு, அதுவும் அன்நேம்ட். மூணு! பேரே வைக்காம மூணு புள்ளையப் பெத்துப் போட்டிருக்க. ஒரு ஐகானத் தூக்கி இன்னொண்ணு மேல வச்சா அது ஃபோல்டரா ஆயிடும். ரெண்டும் ஒரே சாதிச் சாமானா இருந்தா அதுவே பாத்து ஒரு பேரு வைக்கும். நீ வச்சது செஸ்ஸு விளையாட்டும் பிரிண்டர் செட்டிங்கும். அது எந்தப் பேர வைக்கும்? கைய விரிச்சிடுச்சு.

சிரிக்காத. எனக்கு ஒரு சந்தேகம், கேட்டே ஆவணும். நீ வேல செய்யற எடத்துல ஸ்பேனர் எங்க இருக்கும்?

ஷேடோ போர்டுல. பாத்தியா, கேட்ட ஒடனே வருது. செவுத்துல பலகை, பலகையில ஸ்பேனரோட நெழலு பெயிண்ட்ல வரைஞ்சிருக்கும். எடுத்தவன் திருப்பி மாட்டலன்னா அந்த நெழலு மட்டும் காலியாப் பல்ல இளிக்கும். பன்னண்டாம் நம்பர் ஸ்பேனர் காணோம்னா ஷிப்ட் முடிஞ்சும் லைன் லீடர் ஆள விட மாட்டாரு. தரையில மஞ்சக் கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் டிராலி, அந்தப் பக்கம் ஆளு. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? இருவது வருஷமா இந்த லைன் வூட்டுல பசங்களக் குடி வச்சிருக்கேன். ஆடிட் வர்ற வாரம் ராத்திரியெல்லாம் ஜப்பான்காரன் பாஷையில மனப்பாடம் பண்ணுவானுங்க. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. மொதல்ல "செய்ரி"ன்னு கேட்டப்ப நம்ம "சரி செய்"யத்தான் அவன் திருப்பிப் போட்டு வச்சிருக்கான்னு நெனச்சேன். அப்பறம் ஒரு பையன் சொன்னான்: வேணாததக் கழிச்சுக் கட்டறது செய்ரி, வேணுங்கறத அது அது எடத்துல வைக்கிறது செய்டன். அஞ்சாவது இருக்குது பாரு ஷிட்சுகே, அது யாரும் பாக்காதப்பவும் அதையே செய்யறது. அத மட்டும் கம்பெனி பஸ்ஸுல சீட்டுக்கு அடியில வச்சுட்டு எறங்கிடறீங்க எல்லாரும்.

இப்ப இத எப்படிச் சரி பண்றதுன்னு சொல்றேன். அவசரப்படாத, அந்த மவுஸ மொதல்ல கீழ வை. நீ அத எடுத்தாலே புதுசா ஒரு ஃபோல்டர் பொறக்குது.

உன் பொட்டியில ஓடற இந்த உபுண்டுவுக்கு உள்ள இருந்து மொகம் காட்டறது க்னோம்னு ஒண்ணு. 1997-ல மெக்ஸிக்கோக்காரப் பசங்க ரெண்டு பேரு தொடங்கி வச்சது. இங்க இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்குச் செவுரு எழும்பிக்கினு இருந்த காலம் அது. அடுத்த வருஷம் சான்ட்ரோ வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னால இந்தப் பக்கம் ரோட்டுல ஓடினது எங்க மாட்டு வண்டியும் பெங்களூரு போற லாரியுந்தான். அந்த க்னோம்ல ரொம்ப நாளா ஐகானெல்லாம் அகர வரிசையில நிக்கும், பள்ளிக்கூடத்து அட்டென்டன்ஸ் மாதிரி. நீ தொட்டு நகத்த முடியாது. ஆளுங்களுக்கு அது பொறுக்கல. எங்களுக்கு இஷ்டப்பட்ட எடத்துல வச்சுக்கறோம்னாங்க. 2020 செப்டம்பர்ல 3.38னு ஒண்ணு விட்டாங்க, அதுல இருந்து இழுத்து இழுத்து வச்சுக்கலாம்னு ஆச்சு. சுதந்திரம் வந்தது, உன் ரூம்பும் வந்தது.

எனக்கு இதெல்லாம் யாரு சொன்னதா? என் மூத்த பேரன். 2011-ல அரசாங்கம் விலையில்லா மடிக்கணினி குடுக்க ஆரம்பிச்சாங்க இல்ல, அப்ப அவன் பிளஸ் டூ. அதுல விண்டோஸோட இன்னொண்ணும் சேத்துப் போட்டிருந்தாங்க, பேரு பாஸ். சென்னையில சி-டாக்னு சொல்லுவாங்களே, அவங்க பண்ணினது. பொட்டியத் தொறந்தா எது வேணும்னு கேக்கும். எல்லாப் பசங்களும் விண்டோஸ அமுக்கிட்டுப் படம் பாப்பானுங்க. என் பேரன் மட்டும் பாஸ அமுக்குவான். பேரப் பாத்து, யாரோ மொதலாளிக்கிட்ட வேலைக்குச் சேந்துட்டான்னு நான் நெனச்சேன். அப்படிப் பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து எனக்கும் ரெண்டு ஒட்டிக்கிச்சு. இப்ப அவன் பெங்களூருல. எதாவதுன்னா போன்ல கேட்டு இந்த நோட்டுல எழுதி வச்சுப்பேன். இந்தா, இதுதான் நோட்டு. பின்னட்டையில இருந்து திருப்பு. முன்னால இருந்து திருப்பாத, அது வேற கணக்கு.

எழுதியிருக்கறது தமிழ்ல. நீ அடிக்கப்போறது இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து. மொத தடவ அவன் போன்ல சொன்னப்ப நான் தமிழ் கீபோர்டுலயே அடிச்சுட்டேன். அப்படி ஒரு கமாண்டே இல்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடுச்சு. பேரன் அந்தப் பக்கம் சிரிச்ச சிரிப்புல எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு, தெரியுமில்ல? ராமானுசரு. 1017-ல பொறந்தவரு. அதோ அந்த ஆதிகேசவப் பெருமாள் கோயில்லதான் 2017-ல ஆயிரம் வருஷத் திருவிழா நடந்துச்சு, நீ வாடகைக்கு வர்றதுக்கு முன்ன. திருக்கோட்டியூர் நம்பிக்கிட்ட மந்திரம் கேக்கப் பதினெட்டு நட நடந்தாருன்னு சொல்லுவாங்க. யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினு சொன்னத, கோபுரத்து மேல ஏறி ஊருக்கே கத்திச் சொல்லிட்டாரு. நான் அந்த ஊருக்காரன். மந்திரத்த மூடி வைக்க மாட்டேன். அதுவும் நீ பதினெட்டு நட நடந்தா உன் செருப்பு தேயாது, என் வாசப்படிதான் தேயும்.

டெர்மினலத் தொற. நாலு வார்த்த, நடுவுல எடம் விட்டு அடி. மொத வார்த்த, ஜிசெட்டிங்ஸ். ரெண்டாவது, ரீசெட். இரு இரு இரு! ரீசெட்ட அடிக்காத. கைய எடு.

மொதல்ல ரீசெட்டு இருக்கற எடத்துல கெட்டுன்னு அடி. ஜி, ஈ, டி. பேரன் சொன்னான், "தாத்தா, கெட் போட்டா கெட்டுப்போவாது"ன்னு. இப்ப இருக்கறது எப்படி இருக்குதுன்னு சும்மா எடுத்துக் காட்டும், எதையும் தொடாது. மூணாவது வார்த்த, ஓ ஆர் ஜி புள்ளி க்னோம் புள்ளி ஷெல். க்னோம்ல மொதல்ல ஜி போடணும், வாயில 'க்'னு வந்தாலும் எழுத்துல ஜிதான். நாலாவது, ஆப் கோடு பிக்கர் கோடு லேஅவுட். கோடுன்னா நடுக்கோடு, கீழ்க்கோடு இல்ல. என்டர் தட்டு.

ஆத்தாடி, இன்னா இவ்ளோ நீளம் வருது. உன் ஆறு பக்கத்து வண்டவாளமும் தண்டவாளத்துல ஏறிடுச்சு. ஒவ்வொரு ஐகானுக்கும் எத்தனாவது எடம்னு எழுதியிருக்குது பாரு. அத அப்படியே காப்பி பண்ணி ஒரு ஃபைல்ல போட்டு வை. நாளைக்கு "ஐயோ என் பழைய வரிசையே நல்லாருந்துச்சு"ன்னு நீ அழுதா இதே எடத்துல செட்டுன்னு போட்டு, வரி கடைசியில இத ரெட்டை மேற்கோளுக்குள்ள ஒட்டினா திரும்ப வந்துடும். வைக்கப்போரப் பிரிக்கறதுக்கு முன்ன அது எப்படி வேஞ்சிருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கறவன்தான் விவசாயி. மத்தவனெல்லாம் கூலிக்கு வந்தவன்.

இப்ப ரீசெட். அதே வரி, கெட்டுக்குப் பதிலா ரீசெட். தட்டு.

ஒண்ணும் சொல்லலயா? ஆமா, சொல்லாது. தப்பாப் போனாதான் கத்தும், சரியாப் போனா வாயத் தொறக்காது. என் சம்சாரம் மாதிரி. அந்த ஒன்பது புள்ளியத் தொறந்து பாரு.

எல்லாம் வந்து வரிசையில நின்னுடுச்சா? ஆறு பக்கம் மூணாச்சு. கால்குலேட்டரு குடும்பத்தோட சேந்துட்டான். கீழ இருக்குது பாரு, அந்தப் பட்டை, நீ தெனம் தொடற அஞ்சு ஐகானு, அது அப்படியே இருக்குது. அதுக்கு வேற சாவி, இது தொடாது. அந்த அன்நேம்ட் புள்ளைங்க மூணும் அப்படியேதான் இருக்குது. ஏன்னா ஃபோல்டருக்கும் வேற எடம். நாலு வார்த்தையில பின்னால ரெண்ட மட்டும் மாத்து: ஓ ஆர் ஜி புள்ளி க்னோம் புள்ளி டெஸ்க்டாப் புள்ளி ஆப் கோடு ஃபோல்டர்ஸ், அப்பறம் ஃபோல்டர் கோடு சில்ரன். ஆமாண்டா, சில்ரன்னுதான் அவனே பேரு வச்சிருக்கான். நான் புள்ளைங்கன்னு சொன்னப்ப சிரிச்ச இல்ல?

இப்ப ஒண்ணு கேளு. மூணாவது ரூம்புல இருந்தான் பாரு, நைட் ஷிப்டு பையன், கண்ணாடி போட்டவன். அவனுக்கும் இதே கொடுமை. எவனோ சொன்னான்னு டிகான்ஃபையே மொத்தமா ரீசெட் அடிச்சுட்டான். அது இன்னான்னு கேக்கறியா? க்னோம்ல நீ மாத்தி வைக்கிறது அத்தனையும், வால்பேப்பர்ல இருந்து ஷார்ட்கட் வரைக்கும், ஒரே ஒரு ஃபைல்ல போய் உக்காருது. இவன் அந்தப் பொட்டியையே கவுத்துட்டான். ஐகானு வரிசையாச்சு, நல்லாத்தான் ஆச்சு. ஆனா வால்பேப்பர் போச்சு, ஷார்ட்கட்டெல்லாம் போச்சு, கடைசியில தமிழ்99 கீபோர்டும் போச்சு. 1999-ல சென்னையில மாநாடு போட்டு, ஆளுக்கொரு விசைப்பலகை வேணாம், ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்னு முடிவு பண்ணி அரசாங்கம் ஒத்துக்கிட்டது அது. இவன் நாலு நாளா அம்மாவுக்கு "அன்புள்ள அம்மா"ன்னு அடிக்க முடியாம, தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்பிக்கினு இருந்தான். அந்தம்மா ஃபோன் போட்டு என்னைக் கேக்குது, "பையனுக்கு உடம்பு சரியில்லையா"ன்னு. மூட்டப்பூச்சிக்குப் பயந்து வூட்டக் கொளுத்தறதுங்கறது இதுதான். திருப்பிச் சேக்கறது அஞ்சு நிமிஷ வேல. ஆனா போனது இன்னான்னு கண்டுபிடிக்கவே அவனுக்கு நாலு நாளு.

இதோ பாரு, ரெண்டாவது பக்கம். இது எதுவுமே தொறக்காதே, இன்னாது இது? ஒயின்னு ஒண்ண வச்சு விண்டோஸ் புரோகிராம் போட்டியா? போட்ட, பிடிக்கல, எடுத்துட்ட. ஐகான எடுக்கல. பேரு மட்டும் நிக்குது, ஆளு போயிட்டான். இது எனக்குப் புரியும். நோக்கியா இங்க 2006-ல வந்தான், 2014-ல கதவச் சாத்தினான். அந்த எடத்துல இன்னைக்கு வேற கம்பெனி ஓடுது. ஆனா ஷேர் ஆட்டோக்காரன் கேட்டா என் வாயில இன்னும் நோக்கியா கேட்டுன்னுதான் வருது. என்ன ரீசெட் பண்ணினாலும் அது போவாது. உன் பொட்டியிலயும் அப்படித்தான், இந்த வரி வரிசையத்தான் மாத்தும், செத்ததக் கழிக்காது. உன் வூட்டு ஃபோல்டர்ல, லோக்கல்னு ஒளிஞ்சிருக்கும், அதுக்குள்ள ஷேர், அதுக்குள்ள அப்ளிகேஷன்ஸ். அங்க ஒயின்னு ஒரு பை கெடக்கும். புள்ளியில தொடங்கற பேரெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, கண்ட்ரோலும் எச்சும் சேத்து அமுக்கினா வெளிய வரும். அதுக்குள்ள செத்தவன மட்டும் பாத்து எடு. உயிரோட இருக்கறவனையும் சேத்து எடுத்துட்டு எங்கிட்ட வராத.

ஜப்பான்காரன் கணக்குல சொன்னா நீ இப்ப பண்ணினது செய்டன். அதுவும் நீ பண்ணல, அகர வரிசை பண்ணிச்சு. செய்ரி இன்னும் தொடவே இல்ல. பீடிஎஃப் பாக்க நாலு ஆப்பு. பிரவுசர் மூணு. ஃப்ரீகேட், லிப்ரேகேட் ரெண்டும். எது தொறக்கற? ரெண்டும் தொறக்கறதில்லயா? டிசைன் வேலைக்குப் போவணும்னு டவுன்லோடு பண்ணினதா? பண்ணு பண்ணு. நான் கூட மூணு ஏக்கர் போனப்பறம் கலப்பைய மட்டும் விக்காம பரண்ல வச்சிருக்கேன். அது இருந்தா நெலம் இருக்கற மாதிரி ஒரு... சரி விடு, அத எடுக்க வேணாம். ஃப்ரீகேட் இருக்கட்டும். மத்ததப் பாப்போம்.

நம்ம சுங்குவார்சத்திரத்துல ஐபோன் பூட்டறாங்களே, அந்த ஆப்பிள்காரன் கதை தெரியுமா? அவன் மேக்குல 2011-ல லாஞ்ச்பேட்னு இதே மாதிரி ஒரு தட்டு வச்சான். ஜனங்க இதே மாதிரி நாசம் பண்ணினாங்க, அதுக்கும் ரீசெட்டுக்கு ஒரு மந்திரம் சுத்திக்கினு இருந்துச்சு. 2025-ல டஹோன்னு ஒண்ணு விட்டப்ப அந்தத் தட்டையே தூக்கிட்டான். இனிமே தேடித் தொறன்னுட்டான். பதினாலு வருஷம் பொறுத்துப் பாத்திருக்கான். நான் உன்ன இன்னும் ஒரு வருஷந்தான் பாப்பேன்.

அதனால ஒண்ணு சொல்றேன், நெஜமாவே சொல்றேன். திரும்ப அடுக்காத. இப்ப உன் கை துறுதுறுங்குது, எனக்குத் தெரியும். பிரவுசரெல்லாம் ஒரு பக்கம், விளையாட்டெல்லாம் ஒரு பக்கம்னு ஞாயித்துக்கெழம முழுக்க உக்காந்து இழுப்ப. அடுத்த ஞாயித்துக்கெழம இங்க வருவ. அந்த ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்குது பாரு, கண்ட்ரோலுக்குப் பக்கத்துல, அத ஒரு தட்டு. ரெண்டு எழுத்து அடி. எஃப், ஐ. பாரு, ஃபயர்ஃபாக்ஸ் வந்து நிக்குது. என்டர். எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு நீ ஏன் தெரிஞ்சுக்கணும்? என் சம்சாரம் பெருங்காய டப்பாவ எங்க வைக்கிறான்னு எனக்கு அம்பது வருஷமாத் தெரியாது. "பெருங்"கு சொல்லி வாய மூடறதுக்குள்ள கைக்கு வந்துடும்.

ஸ்டோர்ஸ்ல நீ உள்ள போயி ராக்கு ராக்காத் தேடறியா, ஜன்னல்ல நின்னு பார்ட் நம்பர் சொல்றியா? அப்பறம் வூட்டுல மட்டும் ஏன் ராக்குக்குள்ள பூந்து படுத்துக்கற?

தெரிஞ்சுச்சா? போன்லயே ஃபோட்டோ எடுத்துக்க, அந்த ரெண்டு வரிய. அந்த காப்பி பண்ணின ஃபைலுக்காவது ஒரு பேரு வை. "அன்டைட்டில்ட் 3"ன்னு இருக்குது பாரு, பழைய லேஅவுட்னு தமிழ்லயே வை, ஒண்ணும் கோவிச்சுக்காது. புள்ளைங்களுக்குத்தான் பேரு வைக்கல, இதுக்காவது.

பஸ்ஸு ஹாரன் கேக்குதா? நைட் ஷிப்டு எறங்கறாங்க. உனக்கு இன்னும் நேரமிருக்குது, ஜெனரல் ஷிப்டு தான? ஒக்காரு. அந்த நோட்ட இப்படிக் குடு. இல்ல இல்ல, பின்னட்டையில இருந்து இல்ல. இப்ப முன்னால இருந்து திருப்பு. நாலாவது பக்கம். உன் பேரு பெரிய எழுத்துல போட்டிருக்கேன், கண்ணாடி இல்லாமயே தெரியும்.

ஆனி மாசம் ஒண்ணு, ஆடி மாசம் ஒண்ணு. கரண்ட்டு தனி. ரெண்டு தடவ ரீசெட் அடிச்சோம் இல்ல? இந்த வரி மட்டும் வச்ச எடத்துலயே நிக்குது பாரு.